வீட்டில் புகைப்பவர் எவருமில்லை

"பெண், வயது 43, ஆசிரியை. மூச்சிரைப்பு, மழைக்காலத்தில் அதிகம். வீட்டில் புகைப்பவர்: எவருமில்லை. சமையல்: எரிவாயு. சாக்பீஸ் தூசி காரணமாக இருக்கலாம்."

1994 நவம்பர் 16 அன்று காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்னைச் சேர்த்தபோது எழுதிய சீட்டின் முதல் பக்கம் இது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். இதில் என் வயது சரி. தொழில் சரி. மூச்சிரைத்தது, மழையில் அதிகமானது சரி. மீதி எதுவும் சரியில்லை. மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் தவறு அவர்களுடையது அல்ல. அவர்கள் கேட்டார்கள், பதில் கிடைத்தது, எழுதிக்கொண்டார்கள். பதில் சொன்னவர்கள் என் வீட்டு ஆண்கள் மூன்று பேர். என் நுரையீரலைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் என் தலைக்கு மேலே போய்வந்துகொண்டிருந்தன. கீழே நான் முகமூடி மாட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

இந்த நோயைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று மூன்று வருடம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் சரித்திர ஆசிரியை. எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் பழைய குறிப்புகளைத் தேடித் தொகுப்பது என் பொழுதுபோக்கு. ஆவணத்தில் ஒரு பொய் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் பெயரிலேயே ஒன்று ஏறும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் வீட்டு ஆண்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாமனார், தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவர். எல்லோரையும் போல நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் லூர்துசாமி, தாலுகா அலுவலகத்தில் வேலை. கொழுந்தன் சவரிமுத்து, புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை; கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். மாமியார் காலமாகிவிட்டார். என் மகன் திருச்சியில் விடுதியில் இருந்தான். ஆக, வீட்டில் பெண் நான் ஒருத்தி.

மாமாவுக்குச் சுருட்டு. கணவருக்கு சிகரெட். சவரிக்கு பீடி.

அப்பாவுக்கு முன்னால் மகன் புகைக்கமாட்டான், அண்ணனுக்கு முன்னால் தம்பி புகைக்கமாட்டான் என்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் கூடுதலாக இன்னொன்று உண்டு. பிள்ளைகளுக்கு முன்னால் அப்பாவும் புகைக்கமாட்டார். பீடியோடு பிடிபட்ட மாணவர்களை வெயிலில் முட்டி போடவைத்த தலைமை ஆசிரியர், தன் பிள்ளைகள் கண்ணெதிரே சுருட்டைப் பற்றவைக்க முடியுமா? ஆகவே மூன்று பேரும் ஒளிந்து புகைத்தார்கள். மூன்று பேருக்கும் ஒளிய ஒரே இடம்தான் கிடைத்தது. அது அடுப்படியின் பின்வாசல். முன்பக்கம் விருந்தாள் வருவார்கள், பங்குச் சாமியார் வருவார். அடுப்படிப் பக்கம் யார் வரப்போகிறார்கள்? என்னைத் தவிர.

எனக்கு முன்னால் புகைக்கலாமா என்ற கேள்வி மூவருக்கும் எழவில்லை. எனக்கு முதுகைக் காட்டி, கிணற்றைப் பார்த்து நின்றுவிட்டால் மரியாதை முடிந்தது. புகை அந்த முதுகைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். பற்றவைக்கத் தீப்பெட்டிகூட வைத்துக்கொள்வதில்லை. அடுப்பில் எரிகிற சுள்ளி ஒன்றை எடுத்து, பற்றவைத்துவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் என்னுடையது.

"மதினி, அண்ணன் வந்துட்டுப் போயாச்சா?"

"ஏத்தா, அவன் ஆபீசுக்குக் கெளம்பிட்டானா?"

"ஏய், அப்பா இங்குட்டு வாராகளா பாரு."

நான் கரண்டியும் கையுமாக ரயில் நிலைய விசாரணை ஜன்னல் மாதிரி பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அதை ஒரு விசேஷமாகவே நான் நினைத்ததில்லை.

மழைக்காலம் வந்தால் கிணற்றடியில் நிற்க முடியாது. மூவரும் அவரவர் நேரத்தில் நிலைப்படிக்கு உள்ளே வந்து நின்றுகொள்வார்கள். விறகும் ஈரம். அது எரிவதைவிடப் புகைவதே அதிகம். 1989 ஐப்பசியில் எனக்கு முதன்முதலாக மூச்சு இரைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் இரைத்தது. "ஈரம் ஒத்துக்கல" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். வெயில் காலத்திலும் சில நாள் இரைக்கும். அதற்குச் சூடு காரணம் என்றார்கள். தூதுவளை ரசம் வைத்துக் குடி என்றார்கள், ஆவி பிடி என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் ரசத்தை யார் வைப்பது? ஆவிக்கு வெந்நீர் யார் போடுவது? மூச்சு வாங்கிக்கொண்டே ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதி, வைத்தியத்துக்கான தண்ணீரை நானே கொதிக்கவைத்துக்கொள்வேன். அதற்குள் இன்னும் கொஞ்சம் இரைக்கும்.

நவம்பர் 16 அன்று பள்ளியிலிருந்து வந்து காப்பி போட அடுப்பை மூட்டினேன். கொஞ்ச நேரத்தில் பேச்சு வரவில்லை. ஒரு வார்த்தை, பிறகு மூச்சு, பிறகு அடுத்த வார்த்தை. உதடு நீலமாக இருந்தது என்று பிறகு சொன்னார்கள். நல்ல மழை, ஆட்டோ எதுவும் கிடைக்கவில்லை. ஆலை லாரியில் வந்து இறங்கிய சவரி, அதே லாரியில் என்னை முன்னால் ஏற்றினார். டிரைவருக்கு என்னைத் தெரியாது, டீச்சர் என்று சவரி சொன்னதோடு சரி. நான் ஏறியதும் என்னைப் பார்த்தவர், பற்றவைத்திருந்த பீடியை மழையில் எறிந்தார். "டீச்சரம்மாவுக்கு மூச்சு முட்டுது, இதுல இது வேறயா" என்றார். இத்தனை வருடத்தில் எனக்காக ஒரு ஆண் பீடியை எறிந்தது அதுதான் முதல்முறை.

மருத்துவமனையில் ஊசி போட்டு, பிராணவாயு வைத்து, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் ஒரு யந்திரத்தின் முகமூடியை மாட்டினார்கள். ஆஸ்துமா என்பது என்ன என்று அங்கே இருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மூச்சை உள்ளே இழுக்க முடியாத நோய் என்று நினைத்திருந்தேன். இழுத்ததை வெளியே விட முடியாததுதான் பெரிய கஷ்டம். மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, நடுவில் சளி வேறு. உள்ளே போன காற்று திரும்பி வர வழியில்லாமல் நெஞ்சில் நிற்கிறது. அதற்கு மேல் புதுக்காற்றுக்கு இடமில்லை.

அந்த நிலையில்தான் டாக்டர் கட்டிலருகே வந்து கேள்வி கேட்டார். நடுத்தர வயது, பொறுமையான மனிதர். குறை ஒன்றுதான்: நோயாளி பெண் என்றால் பக்கத்தில் நிற்கும் ஆணைப் பார்த்துக் கேட்பார். அன்று பக்கத்தில் மூன்று ஆண்கள் நின்றார்கள்.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"

என் கணவர் அப்பாவைப் பார்த்தார். "இல்ல சார்."

டாக்டர் சவரி பக்கம் திரும்பினார். சவரி அண்ணனையும் அப்பாவையும் பார்த்தார். "சேச்சே."

மாமாவைப் பார்த்து டாக்டர் லேசாகச் சிரித்தார். "ஐயாவுக்கு?"

"நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது" என்றார் மாமா, பள்ளிக்கூட மணி அடித்தது போல.

நான் முகமூடிக்குள் ஏதோ சொன்னேன். "பேசாதீங்கம்மா, மூச்சை விடுங்க" என்றாள் நர்ஸ்.

"சமையல் எதுல? விறகா, கேஸா?"

"கேசுக்குப் பதிஞ்சிருக்கோம் சார்" என்றார் என் கணவர்.

பதிந்தது 1991இல். இணைப்பு இன்னும் வரவில்லை. ஆனால் பதிந்தவர்களுக்கு அது பாதி வந்த மாதிரிதான். டாக்டர் கேஸ் என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் காரணம் இல்லை என்று முடிவான பிறகு, காரணத்தை எனக்குள்ளேயே தேட ஆரம்பித்தார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோயாக இருக்குமோ என்று காலைச் சளியைச் சோதனைக்குக் கேட்டார்கள். இதயத்துக்கு ஈ.சி.ஜி. ஒவ்வாமையில் கூடும் ஒருவகை அணு இரத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு, ஒவ்வொரு சீட்டுக்கும் என் கணவர் கீழே போய் வரிசையில் நின்று பணம் கட்டிவிட்டு வருவார். சளிச் சோதனை என்றதும் சவரியின் முகம் வெளுத்துவிட்டது. அன்று அவர் கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றார். எனக்கும் பயம்தான். காசநோய் என்று வந்துவிட்டால் பள்ளிக்குள் விடுவார்களா என்ற பயம்.

காசநோய் இல்லை. இதயம் நன்றாக இருந்தது. ஊதிக் காட்ட ஒரு சின்னக் குழாய் கொடுத்தார்கள். பலமாக ஊதினால் அதிலுள்ள முள் நகரும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். என் முள் ஆரம்பத்திலேயே நின்றது.

"அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்கம்மா, அந்தப் பழக்கம் இருக்கும்ல" என்றாள் நர்ஸ்.

சமையல் எரிவாயு என்று எழுதிய சீட்டு அவள் கையில்தான் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த கட்டிலில் வள்ளிக்கண்ணு என்ற பெண் இருந்தாள். புதுவயல் ஆலை ஒன்றில் அவித்த நெல்லைக் களத்தில் காயவைக்கும் வேலை. அவளுக்கும் இரைப்புதான். அவள் கணவனிடம் டாக்டர் அதே கேள்வியைக் கேட்டபோது அந்த ஆள் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு கட்டு பீடி சாமி. கூலி கூடக் கெடச்சா மூணு."

"வீட்டுக்குள்ளயா?"

"பின்ன, மழையிலயா நிக்க?"

"அடுப்பு?"

"வெறகுதான், மில்லு உமியும் போடுவோம்."

டாக்டர் அவனை நிற்கவைத்து ஒரு பிடி பிடித்தார். அவன் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். வள்ளிக்கண்ணுவின் சீட்டில் புகை என்று ஏறிவிட்டது. அவளுக்குச் சளிச் சோதனைக்கு மேல் எதுவும் செய்யவில்லை. நடந்ததையெல்லாம் இரண்டு நாளாகக் கவனித்தவள், என் முகமூடியைக் கழற்றியபின் மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சரு, ஒங்க வீட்டுல நெசமாவே ஆரும் பீடி சிகரெட்டு குடிக்கிறதில்லையா?"

நான் சிரித்தேன். சிரித்தது இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடத்தில் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னது அதுதான்.

"ஆத்தாடி!" என்றாள். "எங்க வீட்டுல மருவாதியே கெடையாது. அதான் நோவு சட்டுனு தெரிஞ்சுபோச்சு."

இரவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும்; தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன். கணவர் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார். நான் அசைந்தால் எழுந்து முதுகைத் தடவிக்கொடுப்பார். காலையில் அவரே ரசம் வைத்துக் கொண்டுவருவார். உப்பு இருக்காது, புளி தூக்கலாக இருக்கும். ஆனாலும் அவர் அடுப்பு மூட்டினார் என்பதே எனக்குப் பெரிய செய்தி. மாமா தன் வாசிப்புக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார், நான் பேப்பர் படிக்க. எனக்கு அந்தக் கண்ணாடி ஒத்துவராது. திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இவர்கள் கெட்டவர்கள் அல்ல. கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

நான்காம் நாள் டாக்டர் தன் முடிவைச் சொன்னார். இந்த முறையும் என் கணவரிடம்தான்.

"எத்தனை வருஷமா கிளாஸ் எடுக்கறாங்க?"

"இருபது வருசம் சார்."

"சாக்பீஸ் தூசியாத்தான் இருக்கணும். இப்படியே போனா ஒவ்வொரு மழைக்கும் இங்க வந்து நிப்பாங்க. வேலையை விட்டுடறது நல்லது."

"டாக்டர்" என்றேன், "மே மாசம் பள்ளிக்கூடமே கிடையாது. சாக்பீஸைத் தொடவே இல்ல. இந்த மேயிலயும் எனக்கு இரைச்சுச்சு. போன மேயிலயும். ஆனா ஏப்ரல்ல மதுரையில பேப்பர் திருத்தப் போய் ஹாஸ்டல்ல தங்கினப்ப ஒரு நாள்கூட இரைக்கல."

"மே மாசம் புழுதி இருக்கும்ல" என்றார் டாக்டர் அன்பாக. "ரொம்பப் பேசாதீங்க."

அன்று மாலைக்குள் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். மாலை டாக்டர் மறுபடி வந்தபோது மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். விருப்ப ஓய்வுக்கான விண்ணப்பத்தை என் கணவர் தன் அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து எடுத்து வந்திருந்தார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

"மதினிக்கு ரெஸ்ட்டுதான் முக்கியம்" என்றார் சவரி.

"பென்சன் வரும்ல, என்ன கொறையுது? வீட்டோட நிம்மதியா இரு ஆத்தா" என்றார் மாமா.

வீட்டோடு. அதாவது, பள்ளியில் இருக்கும் நேரமும் இனி அந்த அடுப்படியில். இருபது வருடம் நான் நல்ல மூச்சு விட்ட ஒரே இடத்தை விட்டுவிட்டு, மூச்சு முட்டுகிற இடத்தில் முழுநாளும் நிம்மதியாக இருக்க வேண்டும். என் கையில் பேனாவைக் கொடுத்தார் கணவர்.

"டாக்டர்" என்றேன். "எங்க வீட்டுல மூணு பேரு புகைக்கிறாக. மூணு பேரும் இங்குட்டு, என் கட்டிலைச் சுத்தித்தான் நிக்கிறாக."

யார் அந்த மூன்று பேர் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா டியூப்லைட்டைப் பார்த்தார். என் கணவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். சவரி தன் சட்டைப்பையில் கைவைத்து, அங்கே பீடிக்கட்டு இருந்ததால் உடனே கையை எடுத்துவிட்டார்.

டாக்டர் முதன்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். "எங்க வச்சு?"

"அடுப்படியில. மாமா சாப்பிட்டதும், இவுக ஆபீசுக்கு முன்னாடியும் பின்னாடியும், சவரி மில்லுல இருந்து வந்ததும். ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர். எங்க வீட்டுல கேஸும் கெடையாது டாக்டர். விறகுதான்."

"ஐயா, நீங்க பழக்கமே இல்லைன்னு சொன்னீங்களே?"

"இவனுக மொகத்துக்கு முன்னால வேற என்னய்யா சொல்றது?" என்றார் மாமா.

அடுத்த கட்டிலில் வள்ளிக்கண்ணு போர்வையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அப்பா, அது வந்து..." என்று ஆரம்பித்தார் என் கணவர்.

"நீ பேசாதடா. நீ காலேசுல படிக்கயிலேயே எனக்குத் தெரியும். இவன் பீடியும் தெரியும். தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு அப்பன்?"

"ஒங்க சுருட்டு வாடை எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று சவரி வாய்க்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ஆக, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இருபது வருடமாக நான் காத்த மூன்று ரகசியங்களில் ஒன்றுகூட ரகசியமில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சீட்டை வாங்கி, இரண்டு வரிகளை அடித்துத் திருத்தினார். சாக்பீஸ் வரியை அடிக்கவில்லை. ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து விளக்கினார். விறகுப் புகையும் சுருட்டுப் புகையும் மூச்சுக்குழாய்க்கு ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசம். நாள்பட நாள்பட அது குழாயை எதற்கும் சுருங்கும்படி ஆக்கிவிடும். "அப்ப, குடிக்கிற இவங்களுக்கு ஏன் வரல?" என்று கேட்டேன். அவர்களுக்கு வேறு விதமாக வரும், இருமலாக, நெஞ்சுச் சளியாக வரும், காத்திருங்கள் என்று மூவரையும் பார்த்துச் சொன்னார். சின்ன வயதில் ஆஸ்துமா பையன்களுக்குத்தான் அதிகம், பெரியவர்களான பிறகு பெண்களுக்கு அதிகம் என்றார். பெண்களின் மூச்சுக்குழாய் சிறியது என்பதாலா, உடம்பின் சுரப்புகளாலா, அல்லது புகையிலேயே நிற்பதாலா என்று கேட்டேன். "மூணையும் சொல்றாங்க. இன்னும் யாரும் முடிவா சொல்லல" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் மரியாதை.

மறுநாள் கணவர் தனியாக வந்தார். டிபன் கேரியரை டொக்கென்று வைத்தார்.

"அப்பா முன்னால என் மானத்தை வாங்கிட்டியே."

"அதான் அவுகளுக்கு முன்னாடியே தெரியுமாமே."

"தெரியறது வேற. சொல்றது வேற."

"சரி, வேறதான். நான் வீட்டுக்கு வரணும்னா அடுப்படியில யாரும் புகைக்கக் கூடாது. முன்னால போயி நின்னு குடிங்க."

"அப்பா உக்காந்திருக்கிற எடத்துலயா? பேசுறியா நீ?"

"அப்ப நான் இங்கயே இருந்துக்கிறேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். விண்ணப்பம் இன்னும் மேசைமேல் இருந்தது. கேரியரிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தை நான்காக மடித்து அதன் அடியில் வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார், எடுக்கவில்லை.

பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நவம்பர் 24 அன்று, மருந்தை மூச்சோடு இழுக்கும் ஒரு சின்னப் 'பம்பு'டன் என்னை அனுப்பினார்கள். அதை எடுக்க ஆரம்பித்தால் விடவே முடியாதாம் என்று அறிந்தவர்கள் தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். உறவுக்காரர் யாராவது வந்தால் என் கணவர் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவார். நான் எடுத்து வெளியே வைப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முகப்பில் மாமாவின் சாய்வு நாற்காலியைக் காணவில்லை. பின்னால் போனேன். அது அடுப்படிப் பின்வாசலில், நிலைப்படியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதில் மாமா பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்குட்டுக் காத்து நல்லா வருது" என்றார், பேப்பரைத் தாழ்த்தாமல்.

அவ்வளவுதான் ஏற்பாடு. அவர் அங்கே இருக்கும்வரை பிள்ளைகள் இருவரும் அந்தப் பக்கம் பீடி சிகரெட்டோடு வர முடியாது. பிள்ளைகள் எந்த நேரமும் தண்ணீர் குடிக்க வரலாம் என்பதால் அவராலும் அங்கே சுருட்டைப் பற்றவைக்க முடியாது. எந்த மரியாதை என் மூச்சைப் பிடித்ததோ அதே மரியாதையைத் தூக்கிக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. அதற்குப் பதிலாக இது.

இதனால் நான் நிம்மதியாக இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைமை ஆசிரியர் ஒருவர் நாள் முழுக்க அடுப்படியில் உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும்? வெங்காயத்தை ஏன் இவ்வளவு நைசாக நறுக்குகிறாய், உலையில் தண்ணீர் போதுமா, பேப்பரில் இந்தச் செய்தியைப் பார்த்தாயா. நான் பள்ளிக்குப் போன நேரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து எங்கோ போய்ச் சுருட்டுக் குடித்து வருவார், வாடை இருக்கும். முகப்பு காலியானதால் கணவரும் சவரியும் அங்கே, ஒருவர் இல்லாத நேரத்தில் மற்றவர், புகைத்தார்கள். ஜன்னல் திரை நாறியது. பங்குச் சாமியார் ஒருமுறை வந்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார். இப்போதாவது நாறுவது அவர்கள் உட்காரும் இடம் என்று திரையைத் துவைக்காமல் விட்டேன்.

அடுத்த ஐப்பசியில் இரைத்தது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி இல்லை. 1996 பிப்ரவரியில் எரிவாயு இணைப்பு வந்தது. அந்த வருட மழையில் பம்பை இரண்டொரு தடவைதான் எடுத்தேன். இன்றும் வேலையில் இருக்கிறேன். சாக்பீஸால் எழுதுகிறேன். கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. எரிவாயு வருவதற்கு முன், ஒரு மழைநாள் மதியம், ஈர விறகு எரியாமல் அடுப்படி முழுக்கப் புகை மண்டிவிட்டது. நாற்காலியில் இருந்த மாமாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தெனமும் இம்புட்டுப் புகையா இருக்கும்?"

"இதைவிடக் கொறச்சல்தான் மாமா. மழைன்னா இப்படி."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.  பிறகு, என்னிடமா அடுப்பிடமா தெரியாமல் சொன்னார்: "ஒங்க அத்தைக்கும் இப்படித்தான் மூச்சு இளைக்கும். ஈரத்துல நிக்காதன்னு நான் வையிவேன்."

என் மாமியார் இறந்தது 1973 நவம்பரில், நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய வருடம். நான் அவரைப் பார்த்ததில்லை. கோயில் அடக்கப் பதிவில் பெயரும் வயதும் தேதியும் உண்டு. காரணம் எழுதும் வழக்கம் அப்போது இல்லை. வீட்டில் நெஞ்சுவலி என்று சொல்லுவார்கள். பார்த்த வைத்தியர் இப்போது உயிரோடு இல்லை. மாமாவிடம் அதற்குமேல் நான் கேட்கவில்லை. மாமியார் எந்த நோயில் இறந்தார் என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.